விரிப்பின் மறுமுனை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்தோத்திரம்.

முதல் வரியைப் பார்த்துவிட்டு, அனுப்பியது யார் என்று உறையைத் திருப்பிப் பார்க்காதீர்கள். நான்தான். பத்தொன்பது வருஷமாக ஆலயப் படியை மிதிக்காத உங்கள் நாத்தனார் சிட்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அண்ணன் போனைப் பிடித்தால் அவருடைய ரத்த அழுத்தத்தில் ஆரம்பித்து ஆலயக் கூரை ஒழுகுவது வரை சொல்லி முடித்து, "சரி, வச்சிடட்டுமா" என்று வைத்துவிடுகிறார். நமக்கு எப்போதும்போலக் கடிதம்தான்.

எங்கள் ஹோட்டல் சலவை அறையில் மடிக்கிற மெஷின் நின்றுபோய் நான்கு மாதமாகிறது. சரிபண்ண வந்தவர் அதன் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போனார். பிறகு வரவேயில்லை. அதனால் பெரிய படுக்கை விரிப்புகளை இரண்டிரண்டு பேராகக் கையாலேயே மடிக்கிறோம். எனக்கு ஜோடி ஒரு அக்கா. எப்போது பார்த்தாலும் "மூலையப் பிடி, மூலையப் பிடி" என்று கத்துவார் என்பதால் எல்லோருக்கும் அவர் மூலையக்கா. அவர் அந்தப் பக்கம் இரண்டு மூலை, நான் இந்தப் பக்கம் இரண்டு மூலை. ஒரு உதறு உதறி, மடித்து, எதிரும் புதிருமாக நடந்து வந்து, என் மூலையை அவர் கையில் கொடுத்துவிட்டு, தொங்குகிற மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை.

இந்த அக்காவுக்கு ஒரு பழக்கம். கிட்டே வரும்போதெல்லாம் வாய்க்குள் ஏதோ முனகுவார். என்னவென்று ஒரு நாள் கேட்டேன். "இதுல படுக்கிறவங்க நல்லாத் தூங்கட்டும் ஆண்டவரேன்னு சொல்றேன்" என்றார். "படுக்கிறது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" "எனக்கு எதுக்குத் தெரியணும்? அவருக்குத் தெரியுமே." நான் சிரித்தேன். என் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் தூங்கி எத்தனை வருஷமாகிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போனதிலிருந்தே சரியான தூக்கம் கிடையாது. போன மாதம் ஒரு நாள் கண்ணெல்லாம் சிவந்து வேலைக்குப் போனேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. விரிப்போடு என் கிட்டே வந்தவர், "இன்னைக்கு இந்தப் பிள்ளை தூங்கட்டும் ஆண்டவரே" என்றார். அவ்வளவுதான். மூலையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணி, நான் தூங்கினேன். விழித்தபோது ஜன்னல் முழுக்க வெயில். எனக்காக ஒருவர் கேட்டிருக்கிறார், கேட்டதைக் கொடுக்கவும் ஒருவர் இருக்கிறார் என்று படுக்கையில் உட்கார்ந்தே அழுதேன். பிறகு சிரித்தேன். அன்றிலிருந்து என் பக்கத்து மூலையிலிருந்தும் ஜெபம் போகிறது. எதைப் பார்த்தாலும் புதிதாக வாங்கிக்கொடுத்த மாதிரி இருக்கிறது. சோப்பு நுரை, வெந்நீர்க் குழாய், எல்லாம்.

போன வாரம் காலி தள்ளுவண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அக்கா தள்ளினார். நீளமான நடைக்கூடம், நாற்பத்தேழு வயது நான், இரண்டு பேரும் பாட்டுப் பாடிக்கொண்டு. மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். "எறங்குங்கம்மா, வண்டி அழுக்காயிடும்" என்றார்.

இதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

உங்கள்
சிட்டு


ஜனவரி 21

அன்புள்ள சிட்டு,

கடிதம் வந்தது. மகிழ்ச்சி. மிக்க மகிழ்ச்சி.

உன் அண்ணன் இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கூரை ஒழுகி ஆலய ஆர்மோனியம் நனைந்தபோதுகூட அவர் அப்படிக் கலங்கியதில்லை. நேற்றுப் பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் உன்னைப் பற்றிச் சொல்லி, நடுவில் பேச முடியாமல் தண்ணீர் கேட்டார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

சில விஷயங்கள் கேட்க வேண்டும். தவறாக நினைக்காதே. அந்த மூலையக்கா எந்தச் சபை? ஒழுங்காக ஆராதனைக்குப் போகிறவரா? வேதம் வாசிக்கிறவரா? விரிப்பை மடித்துக்கொண்டே ஜெபிப்பதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெபத்துக்கென்று ஒரு நேரம், ஒரு மரியாதை இருக்கிறதல்லவா? இருபத்திநான்கு வருஷமாகக் காலை ஐந்தரைக்கு நான் முழங்கால் போடுகிறேன். தள்ளுவண்டியில் ஏறியதில்லை. ஏறலாம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவும் இல்லை.

தள்ளுவண்டி என்றதும் ஞாபகம் வருகிறது. உன் இடுப்பு வலி என்ன ஆயிற்று? விழுந்து எலும்பு முறிந்தால் அக்காவா வந்து பார்ப்பார்? வயதுக்குத் தகுந்த மாதிரி இரு.

உன் கடிதத்தில் அக்கா என்ற சொல்லை விரல்விட்டு எண்ணினேன். ஒரு கை நிறைந்துவிட்டது. அண்ணி என்ற சொல்லுக்கு ஒரு கையிலேயே விரல் மிச்சம். வேலை இல்லாமல் எண்ணவில்லை, கண்ணில் பட்டது.

பன்னிரண்டு வயதில் நீ எங்கள் வீட்டுக்கு வந்தபோது தினமும் இரட்டைச் சடை பின்னிவிட்டு, கையைப் பிடித்து ஓய்வுநாள் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன். நீ முன்வரிசையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து தூங்குவாய். அப்போதெல்லாம் தூக்கம் நன்றாகத்தான் வந்தது.

எப்படியோ, வந்து சேர்ந்தாயே. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இப்படிக்கு,
அண்ணி


பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணி, அண்ணி, அண்ணி, அண்ணி, அண்ணிக்கு,

இப்போது விரல் சரியாக இருக்கிறதா?

உங்கள் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. "வேதம் வாசிக்கிறவரா" என்ற வரி வந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தாண்டிப் போகப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "என்ன கேக்கறாங்க? வாசிக்கத் தெரியுமான்னா? தெரியாதுன்னு எழுது. கேட்டுப்பேன்னு எழுது." எழுதிவிட்டேன்.

இப்போது தினமும் பத்து நிமிஷம் நான் வாசிக்கிறேன், அவர் கேட்கிறார். கதை பாதியில் நின்றால் கோபம் வரும். "மணியடிச்சா என்ன, அந்த ஆளு படகுல ஏறினானா இல்லையா?" என்பார். எத்தனையோ தடவை கேட்ட கதைதான். ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் ஏறமாட்டானோ என்று பயப்படுகிறார். அவரோடு உட்கார்ந்தால் எனக்கும் அந்தப் பயம் வந்துவிடுகிறது.

ஞாயிறு ஆராதனைக்கும் போகிறேன். ஒரு டயர்க் கடைக்கு மேலே சின்னக் கூடம். முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, அதில் மூன்று ஆடும். பாட்டுத் தலைவர் எல்லாப் பாட்டையும் உயரத்தில் ஆரம்பித்துவிட்டுப் பாதியில் மூச்சுத் திணறுவார். நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிடுகிற மாதிரி பாடுவோம். நீங்கள் இருந்தால் முதல் சுரத்திலேயே கண்ணால் சுட்டிருப்பீர்கள்.

இப்போது ஒரு உதவி. அக்காவுக்கு இரண்டு முழங்காலும் வீங்கியிருக்கிறது. நாள் முழுக்க நிற்கிற வேலை. இன்னும் எத்தனை நாள் நிற்க முடியுமோ தெரியவில்லை. யார் யாருக்கோ கேட்கிறவர், தனக்கென்று ஒன்றும் கேட்கமாட்டார். கேட்டால், "எனக்கு வெக்கமா இருக்குடி" என்கிறார். உங்கள் சனிக்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் எங்கள் கதையைச் சொல்லி, அவருடைய முழங்காலுக்காக எல்லோரும் ஜெபிக்க வேண்டும் என்று கேட்பீர்களா? அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன் என்றேன். "அவ்வளவு தூரத்துல, அவ்வளவு பேரு, எனக்காகவா?" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அன்று முழுக்க வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள்
சிட்டு


மார்ச் 3

அன்புள்ள சிட்டு,

இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணனுக்குச் சளி. ஆலயக் கூரைக்கு ஒருவழியாக ஆள் வந்திருக்கிறது. மூன்று பேர் மேலே ஏறி நின்று கீழே இருப்பவனைக் குறைசொல்கிறார்கள்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் விரிப்புக் கதையைச் சொன்னேன். எல்லோருக்கும் மிகவும் பிரயோஜனமாக இருந்தது. சிலர் அழுதுவிட்டார்கள்.

வேறு விசேஷம் இல்லை. வேலை நிறைய இருக்கிறது. அடுத்த கடிதம் எழுதத் தாமதமானால் தவறாக நினைக்காதே.

இப்படிக்கு,
அண்ணி


ஏப்ரல் 16

அண்ணிக்கு,

அண்ணன் உங்கள் சபையின் மாத இதழை அனுப்பியிருந்தார். "உன் அண்ணி எழுதினது வந்திருக்கு, பார்" என்று ஓரத்தில் எழுதி, பக்கத்தை மடக்கி வைத்திருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பக்கத்தைப் படிக்காமலேயே வேலைக்குக் கொண்டுபோனேன், அக்காவோடு சேர்ந்து முதல்தடவை படிக்க வேண்டும் என்று. அதுதான் நான் செய்த தப்பு.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இஸ்திரி போடுகிற நான்கு பேரையும் கூப்பிட்டார். "என் முழங்காலைப் பத்திப் புத்தகத்துல போட்டிருக்காங்க" என்றார்.

நான் படித்தேன். "நானும் என் கணவரும் வாரந்தோறும் எங்கள் வீட்டுப் படுக்கை விரிப்புகளைச் சேர்ந்து மடிப்போம். எதிரெதிரே நடந்து வந்து மூலைகளைக் கைமாற்றும்போது, இதில் படுக்கிறவர்கள் நன்றாகத் தூங்கட்டும் ஆண்டவரே என்று ஜெபிப்பது என் வழக்கம்." அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த வரியில் வந்துவிடும், அடுத்த வரியில் வந்துவிடும் என்று கடைசிவரை படித்தேன். கடைசியில் "போதகரம்மா" என்று இருந்தது.

இஸ்திரி போடுகிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அக்கா மட்டும், "அதுல நான் எங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை அண்ணி. தான் எங்கேயோ இருப்பதாகவும், நான்தான் படிக்காமல் விட்டுவிட்டேன் என்றும் நினைத்துக் கேட்டார். இதழை வாங்கி, அந்தப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு எழுந்து போய் விரிப்பை எடுத்தார். "மூலையப் பிடி" என்று அன்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

என் கதையை நீங்கள் எடுத்துக்கொண்டது எனக்குப் பெரிதில்லை. கேட்டிருந்தால் தூக்கிக் கொடுத்திருப்பேன். அந்த முழங்காலுக்கு நாற்பது பேர் ஜெபிக்கிறார்கள் என்று இரண்டு மாதமாக நம்பிக்கொண்டு நின்றவரை என்ன செய்துவிட்டீர்கள்?

அண்ணன் எந்தக் காலத்தில் விரிப்பு மடித்தார்? குடித்த டம்ளரை எடுத்து வைக்கமாட்டார்.

இனிமேல் நான் எழுதுவதாக இல்லை. எழுதினால் அது எங்கே போய் நிற்கும் என்று பயமாக இருக்கிறது.

சிட்டு


ஏப்ரல் 29

என் சிட்டு,

பூசி மெழுகாமல் எழுத வேண்டும் என்று நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

எங்கள் கூட்டத்தில் ஆளாளுக்கு அந்த வாரத்துச் சாட்சியைச் சொல்வார்கள் என்பது உனக்குத் தெரியும். போதகரம்மா என்பதால் முதலில் நான் சொல்ல வேண்டும். இருபத்திநான்கு வருஷம், வாரத்துக்கு ஒன்று. ஆரம்பத்தில் நிஜமாகவே இருந்தது. பிறகு, தொலைந்த சாவி கிடைத்தது, பஸ் நேரத்துக்கு வந்தது என்று ஆயிற்று. அதே சாவியை நான் ஆறு தடவை தொலைத்துக் கண்டுபிடித்திருக்கிறேன். எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்பார்கள், பைக்குள் கையை விட்டு எதையாவது தேடிக்கொண்டே.

அன்று உன் அக்காவைப் பற்றிச் சொல்லத்தான் எழுந்தேன். சத்தியமாக. வாயைத் திறந்தால் "நானும் என் வீட்டுக்காரரும்" என்று வந்துவிட்டது. உன் அக்காவை எடுத்துவிட்டு உன் அண்ணனை வைத்தேன். உன்னை எடுத்துவிட்டு என்னை வைத்தேன். தையற்கடைக்காரம்மா விம்மி அழுதார். என் சாட்சியைக் கேட்டு யாராவது அழுது எத்தனை வருஷமாயிற்று தெரியுமா? அந்த ருசியில் முழங்கால் மறந்துபோயிற்று. மறந்தது என்று எழுதுவதும் பொய். முழங்காலைச் சொன்னால் அவரைச் சொல்ல வேண்டும். இதழ் நடத்துகிற டீச்சர் எழுதித்தரச் சொன்னபோது மறுக்கவும் முடியவில்லை. அதுவும் பொய்தான். மறுக்க எனக்கு மனம் இல்லை.

ஏன் அவரை எடுத்தேன் என்று சொல்கிறேன். பொறாமை. வேறு பேரே கிடையாது.

என் ஜெபநோட்டில் முதல் வரி நீதான். நீ கோபித்துக்கொண்டு ஆலயத்தை விட்டு எழுந்துபோன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பத்தொன்பது வருஷம். டைபாய்டு வந்து படுத்த அன்றும் சுவரைப் பார்த்துக்கொண்டு உன் பேரைச் சொன்னேன். கண் கொடு, மனம் கொடு, திருப்பிக்கொண்டு வா என்று கேட்டுக் கேட்டு என் முழங்காலிலும் கறுப்புத் தழும்பு விழுந்திருக்கிறது. கடைசியில் அவர் கொடுத்தார். யார் கேட்டதற்குக் கொடுத்தார்? துணி மடிக்கிற ஒருத்தி ஒரு தடவை கேட்டதற்கு! "எனக்காக ஒருவர் கேட்டிருக்கிறார்" என்று நீ எழுதியிருந்த வரியைப் படித்ததும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. கேட்டது கிடைத்த நாளில் சந்தோஷப்படாமல் குமுறிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். அவர் மேலும் பொறாமை, உன் மேலும் பொறாமை. சொல்லக்கூடாது, ஆண்டவர் மேலும் கோபம். நாளெல்லாம் அவர் வீட்டிலேயே கிடக்கிற எனக்கு ஒரு தள்ளுவண்டி கொடுக்கவில்லையே என்று.

மன்னித்துவிடு. உன் அக்காவிடம் இதைப் படித்துக் காட்டு. ஒரு வரியும் தாண்டாதே.

அண்ணி


மே 7

அண்ணி,

எழுதுவதாக இல்லை என்றேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்காக நீங்கள் ஜெபித்தது எனக்குத் தெரியவே தெரியாது. முகம் சுளித்தது மட்டும்தான் தெரியும். ஆலயத்துக்கு நேரமாயிற்று என்றீர்கள், பாவாடை குட்டை என்றீர்கள், என் புருஷன் போனபோது "நான் அப்பவே சொன்னேன்" என்றீர்கள். உனக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவை, பக்கத்தில் வந்து என் காதில் விழும்படி சொல்லியிருக்கக் கூடாதா?

அக்காவிடம் இன்னும் படித்துக் காட்டவில்லை. எனக்கே மனம் ஆறவில்லை.

சிட்டு


ஜூன் 12

அன்புள்ள சிட்டு,

உன்னிடமிருந்து ஒரு மாதமாக ஒன்றும் இல்லை. நியாயம்தான். பதில் வேண்டும் என்று இதை எழுதவில்லை.

மாத இதழ் வந்ததிலிருந்து உன் அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தான் விரிப்பு மடித்ததில்லை என்று அவருக்குத் தெரியாதா? ஓரத்தில் எழுதி, பக்கத்தை மடக்கி உனக்கு அனுப்பியபோது படிக்கவில்லையாம், படம் மட்டும் பார்த்தாராம். பிறகு படித்திருக்கிறார். படித்தபிறகும் பேசவில்லை. ஒரே வீட்டில் இரண்டு மாதம், கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பாடு பரிமாறினேன். தூக்கமும் போயிற்று.

போன வியாழக்கிழமை சாயங்காலம் கொடியிலிருந்து விரிப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். மனுஷன் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தவர், சட்டைப்பையில் பேனாவோடு வெளியே வந்தார். தரையில் இழுபட்ட மறுமுனையைக் குனிந்து எடுத்தார்.

"என்ன?" என்றேன்.

"நாம ரெண்டு பேரும் மடிக்கிறதா அச்சுல வந்திருக்கே. பொய்யாப் போகக் கூடாதில்ல?" என்றார்.

நான் அழுவதா, உள்ளே ஓடுவதா என்று நிற்கிறேன். அவரோ, "எப்படிப் பிடிக்கணும்? சொல்லு" என்று நிற்கிறார். சிட்டு, அந்த மனுஷனுக்கு நாற்பது நிமிஷம் பிரசங்கம் பண்ணத் தெரியும், இரண்டு மூலையைச் சேர்க்கத் தெரியவில்லை. நான் வலப்பக்கம் மடித்தால் அவர் இடப்பக்கம் திருப்புகிறார். விரிப்பு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. மூன்றாவது தடவை நன்றாக உதறுங்கள் என்றேன். உதறினார். காற்று வாங்கி விரிப்பு அவர் தலையிலேயே விழுந்து மூடிக்கொண்டது. கண் தெரியாமல், "எங்க இருக்கே, எங்க இருக்கே" என்று நடந்து வந்து வாளிக்குள் காலை விட்டார்.

நான் சிரித்தேன். தரையில் உட்கார்ந்து சிரித்தேன். எப்போது அப்படிச் சிரித்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் சுவரில் ஏறிப் பார்த்தன. அவர் விரிப்பை விலக்கிவிட்டு, ஒரு காலில் வாளியோடு நின்று என்னைப் பார்த்தார். "இந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு" என்றார்.

நான்காவது தடவை மடிப்பு சரியாக வந்தது. எதிரே நடந்து வந்தார். மூலையை என் கையில் கொடுக்கும்போது, "இதுல படுக்கிறவ இன்னைக்கு நல்லாத் தூங்கட்டும் ஆண்டவரே" என்றார்.

அப்போதுதான் சிட்டு, நீ எழுதியது எனக்குப் புரிந்தது. என் பெயரில் அச்சடித்துப் போட்டுக்கொண்டேனே, அதில் ஒரு சொல்கூட அதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் எல்லோருக்காகவும் கேட்டுக்கொண்டிருந்தேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்காக ஒருவர் கேட்டு என் காதால் கேட்டதில்லை.

தூங்கினேன். ஏழரை மணி வரை தூங்கினேன். காலை ஜெபம் போயிற்று, இருபத்திநான்கு வருஷத்தில் முதல் தடவை. குற்ற உணர்ச்சி வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது. டீ போடும்போது பால் கொதித்து நுரை ஏறுவதை நின்று வேடிக்கை பார்த்தேன். நீ சோப்பு நுரையைச் சொன்னாயே, அதேதான்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த விரிப்பு என்னுடையது அல்ல, ஜெபமும் என்னுடையது அல்ல, ஒருவருடைய முழங்காலை மறைத்தேன் என்று. ஒருவர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இன்னும் என்னோடு பேசவில்லை. தையற்கடைக்காரம்மாதான் கடைசியில், "அந்தம்மா பேர் என்ன? பேரைச் சொன்னாத்தானே ஜெபம் பண்ண முடியும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் பொறாமைப்பட்டிருக்கிறேன், பேரைக் கேட்கவில்லை. "மூலையக்கா" என்றேன். முப்பத்தெட்டு பேர் மூலையக்காவின் முழங்காலுக்காக ஜெபித்தோம். முழங்கால் நன்றாக இருப்பவர்கள் முழங்கால் போட்டார்கள். மற்றவர்கள் நாற்காலியில்.

இந்த மாத இதழில் திருத்தம் வந்திருக்கிறது. ஆலய விளம்பரங்களுக்கு நடுவில் சின்னப் பெட்டி. இதோடு வைத்திருக்கிறேன். அவரிடம் பெட்டியை விரலால் தொட்டுக் காட்டு. "நீங்க இங்க இருக்கீங்க" என்று சொல்.

அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாக் கடிதத்தையும் வரிசையாக வைத்து அக்காவுக்குப் படித்தேன். ஒரு வரியும் தாண்டவில்லை. பொறாமை என்று வந்த இடத்தில், "பாவம், எவ்வளவு நாளா தனியா மடிச்சிருக்கு அந்தப் பிள்ளை" என்றார். உங்களைத்தான் பிள்ளை என்கிறார். வாளிக்குள் கால் விட்ட பகுதியை மூன்று தடவை படிக்கச் சொன்னார். சின்னப் பெட்டியை வெட்டி எடுத்து, வேலையிடத்தில் தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். தலைகீழாக ஒட்டியிருக்கிறார், நான் சொல்லவில்லை.

முழங்கால் ஆறவில்லை. நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருகிற திங்கட்கிழமையிலிருந்து அவருக்கு உட்கார்ந்து கிழிசல் தைக்கிற வேலை. "முப்பத்தெட்டு பேர் கேட்டதுக்கு நாற்காலி கெடைச்சிருக்கு" என்று ஒரே குஷி.

ஆக, என் விரிப்பின் மறுமுனை காலி. அடுத்த மாதக் கடைசிவரை ஆள் போடமாட்டார்களாம். கூட ஒத்தாசைக்குச் சொந்தக்காரர் யாராவது வந்தால் பரவாயில்லை என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். அக்கா என் காதருகே நின்று, "சும்மா கடுதாசி எழுதிக்கிட்டே இருக்காம வரச் சொல்லு. மூலையப் பிடிக்க நான் சொல்லித் தர்றேன்" என்கிறார்.

என் கோபம் முழுக்கப் போய்விடவில்லை. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள்
சிட்டு


ஜூன் 26

என் சிட்டு,

இதை எழுதும்போதே பெட்டி கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டியை விட்டு இறங்குவேன். உன் அண்ணன் ஒரு வாரம் தானே சமைத்துக்கொள்வாராம். ஆண்டவர்தான் அவரைக் காப்பாற்ற வேண்டும்.

நான் வரும்வரை அந்த முனையை வேறு யார் கையிலும் கொடுத்துவிடாதே. கொடுத்தால் எனக்குப் பொறாமை வரும், சொல்லிவிட்டேன். அது இன்னும் என்னோடுதான் இருக்கிறது. ஆனால் இப்போது அதன் முகத்தை எனக்கு அடையாளம் தெரிகிறது.

ஜெபநோட்டில் இப்போது முதல் வரி மூலையக்காவின் முழங்கால். நீ இரண்டாவது வரிக்குப் போய்விட்டாய். வயிறு எரிந்தால் தண்ணீர் குடி. எப்படியிருந்தாலும் இனிமேல் உன் பேரை உன் பக்கத்தில் நின்று, உன் காதில் விழும்படிதான் சொல்லப்போகிறேன்.

உன்
அண்ணி

பின்குறிப்பு: அந்தத் தள்ளுவண்டி எழுபத்தெட்டு கிலோ தாங்குமா என்று கேட்டு வை.